குட்டியை வளர்ப்பது பாதி வேலைதான்

(பெஸ்தாரி ஜெயா கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வாசலில் நிற்கும் தம்பிகளே! முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். காண்டாமிருகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நம்ம தோட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயலாளர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது ஐயா.

2008-இல் நம் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓர் ஆண் சுமத்ரா காண்டாமிருகம் செம்பனைத் தோட்டத்துக்குள் வந்து நின்றது. தாம் என்று பெயர் வைத்து, தாபின் வனப்பகுதியில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2011-இல் புந்துங் என்ற பெண் பிடிபட்டது. அதற்கு முன்னங்கால் ஒன்றில் பாதமே இல்லை. குட்டியாக இருந்தபோது கண்ணியில் மாட்டி அறுந்திருக்கும் என்று கணித்தார்கள். 2014-இல் இமான் வந்தது. மூன்றையும் எவ்வளவோ கவனித்தும் இனம் பெருகவில்லை. புந்துங் 2017-இல் செத்துப்போனது, தாமும் இமானும் 2019-இல். மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை அத்தோடு முடிந்தது. நம் சிலாங்கூரிலேயே சுங்கை டுசுனில் ஒரு காப்பகம் இருந்தது. 2003-இல் சில வாரங்களுக்குள் அங்கிருந்த ஐந்தும் நோயில் செத்தன.

அப்படியானால் காப்பாற்றவே முடியாதா? அசாமைப் பாருங்கள். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பொங்கினால் காசிரங்கா தேசியப் பூங்காவில் காண்டாமிருகக் குட்டிகள் தாயைப் பிரிந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும். அவற்றை எடுத்து வளர்க்க 2002-இலிருந்து அங்கே ஒரு மறுவாழ்வு மையம் நடக்கிறது.

குட்டியைத் தூக்கி வந்ததும் பால் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். கொழுப்புள்ள பாலைக் கொடுத்தால் வயிற்றால் போய்ப் படுத்துவிடும். காண்டாமிருகத் தாய்ப்பாலில் கொழுப்பு மிகக் கொஞ்சம், இனிப்பு அதிகம். அதனால் ஆப்பிரிக்கக் காப்பகங்களில் கொழுப்பு நீக்கிய பாலைத்தான் கரைக்கிறார்கள், அதுவும் ராத்திரி பகல் பாராமல் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை. புட்டி காலியானதும் குட்டி சும்மா விடாது. இன்னும் கொடு என்று மூக்கால் முட்டித் தள்ளும். பிறக்கும்போதே ஐம்பது கிலோ இருக்கிற குட்டி முட்டினால், பிடித்திருப்பவர் கதி என்ன?

ஆனால் பாலைவிடப் பெரிய சிக்கல் பாசம். தடவிக் கொடுத்து, செல்ஃபி எடுத்து, செல்லமாக வளர்த்த மிருகம் பிறகு மனிதனைக் கண்டால் ஓடாது. துப்பாக்கியோடு வருகிறவனிடமும் நடந்துபோய் நிற்கும். நகத்தில் இருக்கிற அதே பொருள்தான் கொம்பிலும் இருக்கிறது, மருந்துமில்லை மண்ணுமில்லை. ஆனாலும் அதற்காகத்தானே சுடுகிறார்கள்! ஆகவே நல்ல காப்பகத்தில் பராமரிப்பவர் ஓரிருவர்தான், வேடிக்கை பார்க்க ஆளை விடமாட்டார்கள். பேச்சுத்துணைக்கு இன்னொரு குட்டியை விடுவார்கள். வளர வளர மனிதர் ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்கு இதுதான் பெரிய தியாகமாகப் படுகிறது.

அப்புறம் காடு வேண்டும். 1990-களின் கலவரத்தில் அதே அசாமில் இருக்கிற மானஸ் தேசியப் பூங்காவில் ஒரு காண்டாமிருகம்கூட மிஞ்சவில்லை. அங்கேதான் 2006-இலிருந்து இந்த வளர்ப்புக் குட்டிகளைக் கொண்டுபோனார்கள். முதலில் வேலிக்குள் வைத்துப் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். சில, காட்டிலேயே குட்டி போட்டிருக்கின்றன. அங்கே இனமும் இருந்தது, காடும் இருந்தது. நமக்கோ மிகச் சில மிருகங்களே மிஞ்சிய பிறகுதான் அவசரம் வந்தது.

இப்போது சுங்கை டுசுனில் தாப்பிர்களைப் பராமரிக்கிறார்கள். தாப்பிர் காண்டாமிருகத்துக்குத் தூரத்துச் சொந்தம். அது நம் தோட்டத்து ஓரத்திலும் வரும். குட்டி தனியாக நின்றால் தூக்கி வந்து லயத்தில் கட்டாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கலாம். தள்ளி நின்று வனவிலங்குத் துறைக்குப் போன் போடுங்கள்.

கடைசியாக, கண்ணி. பன்றித் தொல்லை எனக்குத் தெரியாததல்ல, மரவள்ளியைப் பறிகொடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆனால் பன்றிக்கு வைத்த கம்பி, பன்றியா தாப்பிரா என்று பார்த்து இறுக்காது. கண்ணியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். யார் யார் வீட்டுப் பின்புறம் பழைய பிரேக் கம்பி சுருட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு இரும்புக் கடைக்காரர் வருவார், போட்டுவிடுங்கள். பன்றி இறைச்சி பாசாரிலேயே கிடைக்கிறது!