படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கேன்சர் இதயம் வரை போகும்போது

[காட்சி: மும்பை, தாராவி 90 அடி சாலை. சாயங்கால நெரிசல்.]

குரல்: எங்கள் சந்தில் ஒரு அக்கா. மார்பகக் கேன்சருக்கு வைத்தியம் முடிந்து இரண்டு வருஷம். திடீரென்று படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். "கேஸுதான்டி, இஞ்சி தட்டிப் போட்டுக் குடிச்சா சரியாயிடும்" என்பார். பத்து நாள் அப்படியே போனது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்ததும் தெரிந்தது, இதயத்தைச் சுற்றி நீர்.

[வரைபடம்: இதயமும் அதைப் பொதிந்திருக்கும் பையும்]

குரல்: அந்தப் பைக்குப் பெயர் இதய உறை. துடிக்கும்போது உராயாமல் இருக்க அதில் கொஞ்சம் நீர் உண்டு. வழக்கமாக 50 மில்லிக்குள். வேறு உறுப்பில் தோன்றிய கேன்சர் இதயத்துக்கு வந்தால் பெரும்பாலும் தங்குவது இந்த உறையில்தான். அங்கே நீர் சேரச் சேர, இதயம் வெளியிலிருந்து நெருக்கப்படும். உள்ளே ரத்தம் வந்து நிரம்ப இடம் இருக்காது. இதுதான் டாம்பனேட். ரத்த அழுத்தம் இறங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், ஸ்டெத்தில் துடிப்பு அமுங்கிக் கேட்கும். மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்காதீர்கள்.

எங்கிருந்து வருகிறது? நுரையீரலும் மார்பகமும் அக்கம்பக்கம்; நேராகவோ நிணநீர் வழியாகவோ வந்துவிடும். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயும் ரத்தப் புற்றுநோயும் வரும். தோலில் தோன்றும் மெலனோமாவுக்கு இதயத்தின் மேல் தனி நாட்டமே உண்டு. சிறுநீரகக் கட்டி வருகிற வழிதான் என்னை அசத்தியது: சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள், நுழைந்து, கொடி படர்வதுபோல் பெருஞ்சிரை வழியே ஏறி, இதயத்தின் வலது மேலறை வரை போய்விடும்.

இதயத்திலேயே தோன்றும் கட்டி மிக அபூர்வம். இப்படி வந்து சேர்வது அதைப்போல 20 மடங்குக்கும் மேல். நுரையீரலிலிருந்து போனது இதயத்தில் இருந்தாலும் நுரையீரல் கேன்சர்தான்; மருந்தும் அதற்குரியதுதான்.

[காட்சி: எக்கோ திரை. இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம்.]

குரல்: இந்தக் கறுப்புதான் நீர். எக்கோவில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி வடிப்பார்கள். கேன்சர் செல் இருக்கிறதா என்று அந்த நீரைச் சோதிப்பார்கள். மறுபடி சேர்ந்தால் உறையில் சின்னத் திறப்பு வைப்பதும் உண்டு. அக்காவுக்கு வந்த நீர் செந்நிறம். நோய் பரவியிருப்பது உறுதியானது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றிரவு பல நாள் கழித்து மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

கால் வீங்கியிருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் நீர் மாத்திரையை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) நீங்களாகக் கொடுக்காதீர்கள். டாம்பனேடில் அது ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும்.

[காட்சி: பரேல். 1941-இல் திறந்த டாடா மெமோரியல் கேன்சர் மருத்துவமனை வாசல்.]

குரல்: ஊரிலிருந்து இங்கே வைத்தியத்துக்கு வந்து, இந்தி தெரியாமல் வெறும் 'மூச்சு' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படுத்தால்தான் முட்டுகிறது என்பது டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "லேட்னே பர் சாஸ் ஃபூல்தீ ஹை." கேன்சர் வைத்தியம் நடந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லி, எக்கோ எடுக்கலாமா என்று கேளுங்கள்.