மெஷின் நடவு, புது ரகம், புது உரம்: ஒரே சம்பாவுல எல்லாத்தையும் மாத்தலாமா?

அடுத்த கேள்வி, பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. ஒன்பது மா நிலம், அதாவது 3 ஏக்கர். இத்தனை வருஷமா வீட்டுக்காரர் பார்த்தது, அவர் தவறினப்புறம் இவங்க கைக்கு வந்திருக்கு. நடவுக்கு ஆள் சேர மாட்டேங்குது. திருப்பூர்ல வேலை பார்க்கிற பையன், "மெஷின் நடவு வச்சிடும்மா, ரகத்தையும் மாத்திடு, உரத்தையும் மாத்திடு"ங்கிறாராம். "நினைச்சாலே தூக்கம் வரல. ஒரேயடியா மாறிடவா, பழையபடியே ஓட்டவா?"ன்னு கேக்குறாங்க.

ரெண்டும் வேண்டாம்மா. மெஷினுக்கு மாறுங்க, ஆனா மூணு மாவுல மட்டும். ரகமும் உரமும் போன வருஷத்துதே இருக்கட்டும். மூணையும் சேர்த்து மாத்திட்டு தையில நாலு மூட்டை குறைஞ்சா, எதனால குறைஞ்சதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, பையனாலயும் சொல்ல முடியாது. பழி முழுக்க மெஷின் மேல விழும். மிச்சம் ஆறு மாவுக்கு வர்ற ஆளை வச்சு நடுங்க.

இதுல பலரும் சறுக்குற இடம் எதுன்னா, வேலையோட வரிசை தலைகீழா மாறுது. கை நடவுல முதல்ல நாத்து விடுவோம், அப்புறம் ஆள் தேடுவோம். சி.ஆர். 1009 மாதிரி நீண்ட நாள் ரகம்னா நாத்து ஒரு வாரம் முத்தினாலும் சமாளிச்சிடலாம். மெஷினுக்குத் தாள் மேல பாய் மாதிரி வளர்க்கிற பாய் நாத்து அப்படி காத்திருக்காது. 15 நாள்ல நட்டாகணும், 18 தாண்டினா வேர் பின்னிக்கும், மெஷினோட விரல் பிய்ச்சு எடுக்கும்போது கிழியும், குத்து குத்தா விட்டுப்போகும். அதனால முதல்ல வாய்க்கால்ல தண்ணி எப்ப வருதுன்னு பாருங்க. மேட்டூர் அணையை ஜூன் 12ல திறக்கிறது வழக்கம், ஆனா 2024ல ஜூலை 28லதான் திறந்தாங்க. தண்ணி தெரிஞ்சப்புறம் மெஷின்காரர்கிட்ட தேதி வாங்குங்க. அந்தத் தேதியிலேர்ந்து பின்னால எண்ணி விதையை ஊறப் போடுங்க. 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் முளைகட்ட மூட்டம், முளை லேசா வெளியே எட்டிப் பார்த்தா போதும். முளை நீண்டுச்சுன்னா தூவும்போது ஒடிஞ்சிடும்.

ஏக்கருக்கு 15லேர்ந்து 20 கிலோ விதை, ஒரு சென்ட் இடம். பழைய நாத்தங்காலுக்கு எட்டு சென்ட் விடுவோம் இல்லையா, அதுல எட்டுல ஒரு பங்கு. வீட்டுக் கொல்லையிலயே போட்டுக்கலாம். பாலித்தீன் தாள் விரிச்சு, ஏழு பங்கு சலிச்ச மண், ரெண்டு பங்கு மக்கின எரு, ஒரு பங்கு உமி கலந்து பரப்புங்க. மண்ணுல கல் இருந்தா மெஷின் விரல் வளைஞ்சிடும், சலிக்காம விடாதீங்க. முதல் அஞ்சு நாள் பூவாளியில மட்டும் தண்ணி.

சேறடிச்சு சமன் பண்ணினப்புறம் வயலை ஒண்ணு ரெண்டு நாள் படிய விடணும். உடனே மெஷினை இறக்கினா நாத்து முங்கிடும், ரொம்ப இறுகவிட்டா நிக்காம மிதக்கும். நடுற அன்னிக்கு தண்ணி ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். நாத்து ஒரு சாண்கூட இருக்காது, பள்ளம் இருந்தா அங்கே அழுகிடும்.

அடுத்த இருபது நாள்தான் பெரிய சோதனை. வரப்புல நின்னு பார்த்தா தண்ணிதான் தெரியும், பயிரே தெரியாது. பக்கத்து வயல் கை நடவு பச்சைப்பசேல்னு நிக்கும். போறவர் வர்றவர் எல்லாம் "என்னம்மா, பொட்டல் மாதிரி கெடக்கு"ம்பாங்க. அந்தப் பேச்சைக் கேட்டுட்டு ராத்திரி யோசிச்சு, காலையில ஒரு மூட்டை யூரியாவை வீசிடுவாங்க. மாற்றம் கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான். இளம் நாத்து கீழ் கணுவுலேர்ந்தே தூர், அதாவது பக்கக் கிளை, விடும், 25, 30 நாள்ல வரிசை மூட ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள யூரியாவுல இருக்கிற தழைச்சத்தை அதிகமா கொடுத்தா இலைச்சுருட்டுப் புழு ஏறும், பின்னால ஐப்பசி கார்த்திகை மழையில சாயும்.

பயம் வந்தா அளந்து பாருங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, வயல்ல நாலு இடத்துல போட்டு குத்தை எண்ணுங்க. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், குத்துக்கு குத்து 14 வச்சிருந்தா 23, 24 வரணும். 20க்கு மேல இருந்தா சும்மா விடுங்க. குறைஞ்சா ஒரு வாரத்துக்குள்ள விட்டுப்போன இடத்துல நாத்து நட்டு சந்து நிரப்பிடுங்க, அதுக்காக ரெண்டு பாயை வரப்போரம் ஈரமா வச்சிருக்கணும். யூரியா போடலாமா வேண்டாமான்னு இலை வண்ண அட்டை சொல்லும், இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க நம்பர் போட்ட பச்சைப் பட்டைகள் இருக்கிற அட்டை அது. நட்ட 14ஆம் நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை, காலையில, உங்க நிழல்ல வச்சு, பத்து குத்துல நல்லா விரிஞ்ச மேல் இலையைப் பாருங்க. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அட்டையில 3ஆம் நம்பர் பச்சை, மத்த ரகத்துக்கு 4. பத்துல ஆறு இலை அதுக்குக் கீழே வெளிறியிருந்தா மட்டும் போடுங்க.

பையன்கிட்ட ஒரு ஏற்பாடு பண்ணிக்குங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரே வரப்புல நின்னு ஒரே பக்கமா போட்டோ அனுப்புங்க. இல்லேன்னா தினம் போன்ல ஒரு யோசனை வரும், அது உங்களை இன்னும் குழப்பும். வீட்டுக்காரர் உரக்கடை ரசீது, கணக்கு நோட்டு ஏதாவது வச்சிருந்தா எடுத்துப் பாருங்க. எந்த மாவுக்கு எவ்வளவு போட்டார்னு அதுல இருக்கும், யார்கிட்டயும் போய் கேக்க வேண்டியதில்ல.

நடவுக்கு வர்ற பொம்பளையாளுங்களையும் விட்டுடாதீங்க. "இந்த வருஷம் மூணு மா மெஷினு"ன்னு நடவுக்கு முன்னாடியே அவங்களை அழைச்சுட்டு வர்ற அக்காகிட்ட நேர்ல போய் சொல்லுங்க. மெஷினைப் பார்த்து அவங்களா தெரிஞ்சுக்கிட்டா, மிச்சம் ஆறு மாவுக்கும் வர மாட்டாங்க. சந்து நிரப்புறதும் களை எடுக்கிறதும் அவங்களுக்குத்தான்னு அப்பவே நாளோட பேசி, முடிஞ்சா கொஞ்சம் முன்பணமும் கொடுத்துட்டு வாங்க.