போகப்போற ஜனாதிபதி போடுற கையெழுத்து: எது நிற்கும், எது விழும்?

வணக்கம் உறவுகளே. தேர்தல் நெருங்கக்குள்ள ஜனாதிபதி டில்லிக்கோ பெய்ஜிங்குக்கோ போய் ஒண்டில கையெழுத்துப் போட்டா, காத்தான்குடியில இருந்து கல்முனை வரைக்கும் தேத்தண்ணிக் கடையில ரெண்டு கதைதான். ஒண்டு, நாட்டை வித்துப்போட்டுப் போறான். மற்றது, விடு மச்சான், வாறவன் கிழிச்சுப் போடுவான். ரெண்டும் பிழை. அந்தத் தாள் என்ன வகை, கிழிச்சா யாருக்குச் செலவு, இதைப் பாத்தாலே பாதி விளங்கிடும்.

2019ஐ எடுங்க, மைத்திரியிர கடைசி வருசம். மே மாதம் 28ஆம் திகதி கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்துக்கு இந்தியா, ஜப்பானோட ஒத்துழைப்புக் குறிப்பாணை, அதாவது சேர்ந்து செய்வம் எண்டு எழுதிற தாள், ஒண்டு போட்டாங்க. 2021 பெப்ரவரியில கோட்டாபய அரசாங்கம் அதைக் கைவிட்டுட்டு. துறைமுகத் தொழிற்சங்கங்கள் கொதிச்சது உண்மை, ஆனா அவ்வளவு லேசாக் கைவிடக்கூடியதா இருந்ததுக்குக் காரணம் வேற. அது வெறும் குறிப்பாணை. அந்த முனையத்தை நடத்தக் கம்பனியும் உருவாகல்ல, காசும் உள்ள வரல்ல. மறுகா டில்லியைச் சமாளிக்க மேற்கு முனையத்தைக் குடுத்தாங்க. அது 2021 செப்டெம்பரில அதானி கம்பனியோட 35 வருசத்துக்கு முறையான ஒப்பந்தம். இப்ப அதுல கை வைக்கிறது லேசில்ல.

அதே 2019ல அமெரிக்க அரசாங்கத்திர எம்.சி.சி. (மிலேனியம் சவால் நிறுவனம்) நன்கொடை உதவி, 480 மில்லியன் டொலர். தேர்தலுக்கு ரெண்டரைக் கிழமை இருக்கக்குள்ள அமைச்சரவை ஓம் எண்டுட்டு, கையெழுத்து விழல்ல. 2020 டிசம்பரில அமெரிக்காவே அதை வாபஸ் வாங்கிட்டு. கடைசி நேர அமைச்சரவை அங்கீகாரத்துக்குப் பெறுமதி அவ்வளவுதான்.

இனி மற்றப் பக்கம். 2024 செப்டெம்பர் 19, வாக்களிப்புக்கு ரெண்டு நாளைக்கு முதல், ரணில் அரசாங்கம் சர்வதேச முறிக்காரரோட, அதாவது நாட்டிர கடன் பத்திரம் வைச்சிருந்த வெளிநாட்டு முதலீட்டாளரோட, கடன் மறுசீரமைப்புக்குக் கொள்கையளவில உடன்பாட்டுக்கு வந்திச்சு. சட்டப்படி பாத்தா இதுவும் பலமான தாள் இல்ல, புதுசா வந்தவர் தள்ளியிருக்கலாம். ஆனா அநுர அரசாங்கம் ஒக்டோபர் தொடக்கத்திலயே ஏத்துக்கிட்டு, டிசம்பரில சுமார் 12.55 பில்லியன் டொலர் முறிகளுக்குப் பரிமாற்றமும் முடிஞ்சுது. ஏனெண்டா, தள்ளினா நாணய நிதியத்திர அடுத்த மீளாய்வும் தள்ளிப்போகும், அந்தத் தவணைக் காசும் நிண்டுபோகும். இதைத்தான் நான் பூட்டு எண்டு சொல்லுவன். கையெழுத்து சின்னது, பின்னால கட்டியிருக்கிற கயிறு பெரிசு.

அப்ப தாள் கையில கிடைச்சா முதல்ல தலைப்பைப் பாருங்க: குறிப்பாணையா, ஒப்பந்தமா, கடனா? மறுகா கடைசிப் பக்கத்துக்குப் போங்க. முடிவுறுத்தல் வாசகம் அனேகமா அங்கதான் இருக்கும். அறிவித்தல் குடுத்துட்டு விலகலாம் எண்டு மட்டும் இருந்தா அது லேசான தாள். நட்டஈடு, வெளிநாட்டு நடுவர் மன்றம் எண்டு கிடந்தா உசாராகுங்க. சீனக் கம்பனி கட்டின கொழும்புத் துறைமுக நகரத்தை 2015 மார்ச்சில நிப்பாட்டினவங்க 2016ல திரும்பத் தொடங்க விட்டது இந்த மாதிரிச் சங்கடத்தாலதான். அந்தக் கம்பனிக்கிருந்த 20 ஹெக்டேர் நிரந்தர உரிமையை 99 வருசக் குத்தகையா மாத்தினது மட்டும்தான் மிச்சம்.

கடன் எண்டா இன்னும் இறுக்கம். ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்க, டென்மார்க் கடன். அலைதடுப்பு தெற்கில இருந்து வாற மணலை மறிச்சு, வாசல் அடைபட்டு, வடக்கால கரை அரிச்சு, மீன்பிடிக்கும் சரியா உதவல்ல. துறைமுகம் ஓடாட்டிக் கடன் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.

கையெழுத்து மட்டும் போதாது எண்டதுக்கு நம்மட மட்டக்களப்பிலயே சாட்சி இருக்கு. சந்திரிகா அரசாங்கம் 1997ல ஐ.நா. குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையிர விருப்பத் தெரிவு நெறிமுறையில சேர்ந்திச்சு. தனி ஆள் ஐ.நா.வுக்கே முறையிட வழி விடுற நெறிமுறை அது. மட்டக்களப்பில கைதான ஒரு தமிழர் அதை வைச்சு ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போய், 2004ல சாதகமான முடிவும் எடுத்தார். ஆனா 2006 செப்டெம்பரில உயர் நீதிமன்றம், பாராளுமன்றம் சட்டம் ஆக்காம ஜனாதிபதி தனியச் சேர்ந்தது உள்நாட்டில செல்லாது எண்டுட்டு. ஐ.நா. முடிவு கையில இருந்தும் அவருக்கு இஞ்ச ஒண்டும் கிடைக்கல்ல. மனித உரிமைக்கு இப்பிடி. முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை எண்டா அரசியலமைப்பிர உறுப்புரை 157: பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு கிடைச்சா அதுக்கே சட்டத்திர வலு. கடைசி வருசத்தில ஒருத்தர் இதைக் கொண்டுவந்தா மட்டும் நான் நித்திரை முழிச்சுப் பாப்பன்.

கப்பல் விசயம் வேற. வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் நம்மட கடலுக்குள்ள வாறதுக்கு 2024 முழுக்கத் தடை போட்டது ஒரு அரசாங்க முடிவு, சட்டமில்ல. வருசம் முடிய அதுவும் முடிஞ்சுது. அதுக்காகத் தொலைக்காட்சியில கத்தினவங்களை நினைச்சாச் சிரிப்பு வருது.

2025 ஏப்ரலில மோடி வந்தப்ப கிழக்கு மாகாணத்துக்கெண்டு ஒரு குறிப்பாணை போட்டாங்க, பல்துறை நன்கொடை உதவி. நன்கொடை, கடன் இல்ல. அதுல நம்மட பக்கத்துக்கு எந்த வேலை எப்ப வருது எண்டு அமைச்சரவைத் தீர்மானங்களில தேடுங்க. ஒவ்வொரு கிழமையும் தமிழிலயும் போடுறாங்க.