காற்றுக்குள் ஒரு விதை

(காட்சி: கொழிஞ்சாம்பாறை. ஆடிக் காற்றில் ஆடும் தென்னைகள். ஒரு மதில், அதன் கிழக்கே வாழை வரிசைகள்.)

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. கேரளாதான், ஆனால் இங்கே டீக்கடையில் தமிழ் சரளமாகக் கேட்கும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் மலைத்தொடர் வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இதற்குள் புகுந்துதான் பொள்ளாச்சிப் பக்கம் பாய்கிறது.

(காட்சி: உள்ளங்கையில் இலவம்பஞ்சு.)

தலையணைக்கு அடைக்கிற பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து விடுகிறேன். மதிலைத் தாண்டியதும் கீழே இறங்குகிறது, அப்படியே திரும்பிச் சுவரை நோக்கி வருகிறது, பாருங்கள். சுவரை ஒட்டிய வாழையின் இலைகள் முழுசாக இருக்கின்றன. தள்ளி நிற்பவை நார்நாராகக் கிழிந்திருக்கின்றன. காற்று கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியைப் பஞ்சு காட்டிவிட்டது.

சரி, கணவாய் முழுவதற்கும் இப்படிப் பஞ்சு விட முடியுமா? கணினியில் முடியும்: காற்று எப்படி நகரும் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும்.

(காட்சி: மலைகளின் மேல் விரியும் கட்டங்கள்.)

100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர் நிலம், அதன் மேல் 10 கிலோமீட்டர் உயரம் என்று வைப்போம். 100 மீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் 10 கோடி கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து எண்கள்: மூன்று திசைகளில் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பநிலை. எண்ணுக்கு 4 பைட் என்றால், ஒரு கணத்தின் நிலைக்கே 2 ஜிகாபைட். நொடிக்கு ஒருமுறை சேமித்தால் ஒரு மணி நேரக் காற்று 7 டெராபைட்டைத் தாண்டும். கட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டிகள் எட்டு மடங்கு. கணக்கு நிலைகுலையாமல் இருக்க ஒவ்வொரு நேர அடியையும், அதாவது கணக்கு ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்குத் தாவும் இடைவெளியையும், பாதியாக்க வேண்டும், ஆக வேலை 16 மடங்கு.

நொடிக்கு 200 மெகாபைட் படிக்கும் ஹார்டு டிஸ்க், ஒரு நிலையை எடுத்துவரவே 10 நொடி ஆகும். அதற்குள் கேட்க நினைத்த கேள்வி மறந்துபோகும். என்னைக் கேட்டால், பெரிய தரவில் உண்மையான இழப்பு அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது. 1920-க்கு 1080 திரையில் இருப்பவை சுமார் 20 லட்சம் புள்ளிகள். 10 கோடி கட்டிகளையும் அதில் காட்ட இடமே இல்லை. அதனால் தரவைப் படமாக வரையும் பாராவியூ போன்ற மென்பொருள், படத்தை நீங்கள் சுழற்றும்போது எளிதாக்கிய வடிவத்தைக் காட்டும். கையை எடுத்ததும் முழு நுணுக்கத்தோடு வரையும். தரவைப் பெரிய கணினியிலேயே விட்டுவிட்டு, வரைந்த படத்தை மட்டும் உங்கள் லேப்டாப்புக்கு அனுப்பவும் முடியும்.

அப்புறம், சேமிக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கணக்கு ஓடும்போதே, எண்கள் நினைவகத்தில் இருக்கும்போதே வரையலாம். இடையில் நிறுத்தி நிலவரத்தை மாற்றி, மீண்டும் ஓடவிடலாம்.

(காட்சி: திரையில் அதே மதில், சின்ன அளவில்.)

இந்த மதிலுக்கு லேப்டாப்பே போதும். ஒரு புள்ளியைத் தொட்டு, காற்றின் கோடு இங்கிருந்து கிளம்பட்டும் என்கிறேன். அந்தப் புள்ளிக்கு, தரவைப் படமாக்கும் இந்தத் துறையில் விதை என்றே பெயர். சுவருக்கு முன்னால், கொஞ்சம் உயரத்தில் விதையை வைக்கிறேன்: கோடு மேலேறிப் போகிறது. சுவருக்கு ஒரு முழம் பின்னால் வைக்கிறேன்: சுழல்கிறது, பஞ்சு சுழன்ற மாதிரியே.

இப்போது சுவரைப் பாதி உயரமாக்குகிறேன். சுழல் சுருங்கி, முதல் வரிசை வாழையோடு நின்றுவிடுகிறது.