இரகசியச் சங்கமும் ஒரு செபமாலையும்

வணக்கம் உறவுகளே! வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியிலிருந்துதான் இன்றும் பேசுகிறேன். இந்தப் புத்தகத்தின் தடிப்பைப் பாருங்கள், 700 பக்கங்களுக்கு மேல். பெயரை அட்டையில் வாசித்துக்கொள்ளுங்கள். நான் உச்சரித்தால் சிரிப்பீர்கள்.

கதை இதுதான். சிலுவைப்போர்க் காலத்தில் வாள் ஏந்திய கத்தோலிக்கத் துறவற சபையினர்தான் டெம்ப்ளர் வீரர்கள். அவர்கள் அழியவில்லையாம். இரகசியச் சங்கமாக மாறி, திருச்சபை மறைத்த ஓர் உண்மையை இன்றுவரை காத்து வருகிறார்களாம்.

முதல் பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1307 ஒக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப்பின் ஆணைப்படி நாடெங்கும் ஒரே விடியலில் டெம்ப்ளர்களைப் பிடிக்கிறார்கள். மன்னனோ அவர்களிடம் பெருங்கடன் பட்டவன். கடன்பட்டவனே வழக்குப் போட்டால் தீர்ப்பு எப்படி வரும்? சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். 1312 இல் பாப்பரசர் ஐந்தாம் கிளமெண்ட் சபையைக் கலைக்கிறார். 1314 இல் கடைசித் தலைவர் ஜாக் டி மொலேயைப் பாரிஸில் உயிரோடு எரிக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள், ரயில் போகட்டும்... சரி.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு எரிச்சல். இந்த வகைக் கதைகளில் 'பிரயரி ஒஃப் சியோன்' என்றொரு சங்கம் அடிக்கடி தலைகாட்டும். சிலுவைப்போர்க் காலத்தது என்பார்கள். உண்மையில் பியேர் பிளாந்தார் என்பவர் 1956 இல் பிரான்சில் பதிவுசெய்த சங்கம் அது. தொடக்கத்தில் அவர்களுடைய சஞ்சிகை எதற்காகக் குரல் கொடுத்தது தெரியுமா? மலிவு வாடகை வீடுகளில் இருப்பவர்களின் உரிமைக்காக! பிறகுதான் போலி ஆவணங்களைத் தயாரித்து, பாரிஸ் தேசிய நூலகத்துக்குள்ளேயே வைத்தார்கள். அந்தப் புரட்டை நாவலாக எழுதியிருந்தால் இரவிரவாக வாசித்திருப்பேன்.

இரகசியம் என்றால் எங்கள் தீவில் நடந்ததைக் கேளுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலம். குருமாரே இல்லை. 1687 இல் கோவாவிலிருந்து யோசப்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்கிறார். 2015 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, அவரேதான். யாரிடம் போய், "நீங்கள் கத்தோலிக்கரா?" என்று கேட்பது? ஆள் மாறினால் கைதுதான். அதனால் கழுத்தில் பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தாராம். பிச்சை போடுகிறவரின் கண் அந்த மாலையில் நிற்கிறதா என்று பார்ப்பாராம். ஆட்களைக் கண்டுபிடித்த பிறகு, இரவில் ஒளித்துப் பூசை. நாவலில் வரும் மோதிரங்களும் நிலவறைச் சத்தியங்களும் இதற்குக் கிட்ட வருமா?

கொழும்பிலும் இருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கக் கதையும், ஒல்லாந்தருக்கு ஒளித்து வியாபாரி வேடத்தில் திரிந்த ஒரு குருவானவரிடம்தான் போய் நிற்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தும் எங்கள் சைவ ஆட்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்?

வாங்க நினைப்பவர்கள் டெம்ப்ளர் வழக்கு முடியும்வரை ஆறுதலாக வாசியுங்கள். அதற்குப் பிறகு வரும் துரத்தல்களைப் புரட்டிக்கொண்டே போனாலும் நட்டமில்லை. அடுத்த காணொளிக்குக் கொச்சிக்கடைக்கே போகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் இல்லை. அன்றைக்குக் கமராவைத் தூக்கக்கூட இடம் கிடைக்காது.