பணமில்லை என்று சொல்லப்படும் பணம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நான் கணக்கியல் படிப்பிப்பவன். வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேச இவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். விளையாட்டில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். என் மாணவர்களைக் கேட்டால் அதுகூட இல்லை என்பார்கள். ஆனால் இன்றைய பேச்சு விலையைப் பற்றியது. விலை என்று ஒன்று இருக்கும் இடத்தில் கணக்காளன் மூக்கை நுழைக்கலாம்.

கவுண்டர் ஸ்ட்ரைக் என்றொரு விளையாட்டு. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்துவது. இரண்டு அணிகள், கையில் துப்பாக்கி, சுடுவதுதான் வேலை. 2013 ஓகஸ்டில் அந்த நிறுவனம் துப்பாக்கிகளுக்கும் கத்திகளுக்கும் வண்ணப் பூச்சுகளை அறிமுகப்படுத்தியது. பிள்ளைகள் 'ஸ்கின்' என்று சொல்வது இதைத்தான். பூச்சடித்த துப்பாக்கி கூடுதல் வேகத்தில் சுடாது, குறியும் திருந்தாது. பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். அந்த அழகுக்குச் சில ரூபாயும் விலை உண்டு, கொழும்பில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கும் அளவுக்கும் விலை உண்டு.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்த விலை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் பிறக்கும்போதே 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தசம எண் ஒட்டிக்கொள்கிறது. அது தேய்மானத்தைக் குறிக்கும். 0.07-க்குக் கீழே இருந்தால் புத்தம் புதிது, 0.45-ஐத் தாண்டினால் அடிபட்டு உரிந்த தோற்றம். எத்தனை ஆண்டு விளையாடினாலும் அந்த எண் மாறாது. அடுத்தது வடிவம். ஒரே பெயருள்ள பூச்சிலேயே நீலம் எங்கே விழுந்திருக்கிறது, மஞ்சள் எங்கே விழுந்திருக்கிறது என்பது ஒன்றுக்கொன்று வேறுபடும். 'கேஸ் ஹார்டன்ட்' என்ற பூச்சில் மேற்பகுதி முழுவதும் நீலமாக வரும் ஏகே-47 மிக அரிது. பிறகு ஸ்டிக்கர்கள். 2014-இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த போட்டிக்காக வெளியிட்ட ஸ்டிக்கர்களில் டைட்டன் என்ற அணியின் மினுங்கும் ஸ்டிக்கர் ஒன்றே பல்லாயிரம் டொலர் பெறும். அந்த அணி 2016-இல் கலைந்துவிட்டது. நீலம் நிறைந்த ஏகே-47 ஒன்று, அதன்மேல் நான்கு டைட்டன் ஸ்டிக்கர்கள்: 2024-இல் அது பத்து இலட்சம் டொலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது.

அருமை, நிலை, பழைமை, வாங்கப் போட்டிபோடும் ஆட்கள். முத்திரை சேகரிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இதோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்து பேச ஒன்றுமில்லை. வயது வந்தவர் தன் காசில் எதைச் சேர்த்தால் எனக்கென்ன?

கதை பெட்டியில் தொடங்குகிறது. விளையாடுபவருக்கு அவ்வப்போது ஒரு பெட்டி இலவசமாக விழும். ஸ்கின் அதற்குள் இருக்கும், பெட்டி பூட்டியிருக்கும். திறப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்: 2.49 டொலர், நம் கணக்கில் ஏறக்குறைய 750 ரூபாய். திறப்பைப் போட்டதும் திரையில் படங்கள் வரிசையாக ஓடி, மெல்ல வேகம் குறைந்து, ஒன்றில் நிற்கும். ஆகப் பெரிய பரிசான கத்திக்கு ஒரு படம் தள்ளி நின்றால் வயிற்றைப் பிசையும். கசினோவில் காசு போட்டு இழுக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உள்ளே என்ன வரும்? இந்த நிகழ்தகவை நிறுவனம் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று சீன அரசு விதித்த பிறகு, 2017-இல் சீனாவில் அதை நடத்தும் நிறுவனம் வெளியிட்டது. நூற்றுக்கு 79.92 தடவை ஆகக் கீழ்த்தரப் பொருள், நீல நிறத்தால் குறிக்கப்படுவது. கத்தியோ கையுறையோ வருவது நூற்றுக்கு 0.26. அதாவது சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று.

இங்கேதான் என் தொழில் உதவும். 385 திறப்பின் விலை 958 டொலர் சொச்சம். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். இவ்வளவு செலவழித்தால் கத்தி நிச்சயம் என்று பிள்ளை நினைக்கும். நிச்சயமில்லை. 385 பெட்டி திறக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் ஒரு கத்தியையும் பார்க்காமலே எழும்புவார்கள். முதல் 384 பெட்டியில் வராதது 385-ஆவதில் வரும் என்று எந்தப் பெட்டிக்கும் தெரியாது. பெட்டிக்கு நினைவாற்றல் இல்லை. நினைவாற்றல் திறப்பவருக்கு இருக்கிறது. "இவ்வளவு போட்டுவிட்டேன், இப்போது விட்டால் நட்டம்" என்று அவரை இருத்திவைப்பது அதுதான்.

சரி, ஒருவருக்குக் கத்தி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்கலாமா? நிறுவனத்தின் சந்தையிலேயே விற்கலாம். விலையோடு சேர்த்து நிறுவனம் 15 சதவீதம் கழிவு அறவிடும். ஆனால் விற்ற பணம் வங்கிக்கு வராது. நிறுவனத்தின் பணப்பையில் கிடக்கும், அங்கேயே இன்னொரு விளையாட்டு வாங்கத்தான் உதவும். காசாக வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். தனியார் சந்தைத் தளங்கள் இருக்கின்றன. அங்கே டொலர், யூரோ, யுவான், மறையீட்டு நாணயம், எல்லாமே கிடைக்கும். இந்தப் பின்கதவு இல்லாவிட்டால் ஸ்கின் வெறும் பொம்மை. அது இருப்பதால்தான் ஸ்கின் பணமாகிறது.

பணம் என்றானதும் சூதாட்டக்காரன் வந்துவிட்டான். உங்கள் ஸ்கின்னை ஒரு தளத்தின் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அதன் சந்தை விலைக்கு ஏற்பத் தளம் புள்ளிகள் தரும். அந்தப் புள்ளிகளை ரூலட்டில் போடலாம், நாணயம் சுண்டுவதில் போடலாம், யாரோ விளையாடும் போட்டியின் முடிவின்மேல் போடலாம். வென்றால் வேறு ஸ்கின்னாக எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவில் காசாக்கலாம். கசினோ மேசையில் சிப்ஸ் செய்யும் வேலையை இங்கே ஸ்கின் செய்கிறது. ஒரு வித்தியாசம்: கசினோ வாசலில் வயது கேட்பார்கள். இந்தத் தளங்களில் அடையாள அட்டையைக் கேட்க ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலம் முழுதாக முடிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது.

2016-இல் இது நாறியது. யூடியூபில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் பார்க்கும் இருவர், சிஎஸ்கோ லொட்டோ என்ற தளத்தில் தாங்கள் பெரிய தொகை வெல்வதைக் காணொளிகளாகப் போட்டார்கள். "இப்படியொரு தளத்தைப் பார்த்தேன்" என்ற பாவனை வேறு. தளமே அவர்களுடையது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2017 செப்டெம்பரில் இந்த வழக்கை இணக்கத்தில் முடித்தது. அபராதம் இல்லை, இனிமேல் இப்படிப்பட்ட தொடர்பை மறைக்கக்கூடாது என்ற கட்டளை மட்டும். லொத்தர் சீட்டில் வென்றதாக நடித்துக் காட்டியவர் லொத்தர் நடத்துபவராகவே இருந்தால் நம் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

வால்வ் சும்மா இருக்கவில்லை. 2016 ஜூலையில் 23 தளங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. 2018-இல் கைமாறிய பொருளை ஏழு நாள் மறுபடி கைமாற்ற முடியாதபடி பூட்டியது. 2019 ஒக்டோபரில் இன்னும் சுவையான ஒன்று. புதிதாக வாங்கும் திறப்புகளை இனிக் கைமாற்ற முடியாது என்றது. காரணத்தையும் சொன்னது: உலகெங்கும் உள்ள மோசடிக் கும்பல்கள் தங்கள் வருமானத்தைக் காசாக்க இந்தத் திறப்புகளுக்கு மாறிவிட்டன, கைமாறும் திறப்புகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று நம்புகிறோம் என்றது. ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். தன்னுடைய பொருளைக் கொண்டு கறுப்புப் பணம் வெள்ளையாகிறது என்று நிறுவனமே எழுதியிருக்கிறது. அதே நிறுவனத்தின் உடன்படிக்கையோ, பணப்பையில் இருக்கும் தொகை உங்கள் சொத்தல்ல, வெளியே அதற்கு மதிப்பில்லை, பொருள்கள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்படுகிறது என்கிறது. கழிவு எடுக்கும்போது விலை இருக்கிறது. சட்டம் கேட்கும்போது மதிப்பு இல்லை. என் மாணவன் ஒருவன் ஐந்தொகையை இப்படி எழுதிக்கொண்டு வந்தால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

செட்டியார் தெருவில் ஒரு நகையை விற்கப் போனால் செய்கூலி போய்விடும், தங்கத்தின் எடை நிற்கும். ஸ்கின்னில் எடை இல்லை, முழுவதும் செய்கூலி. அது எவ்வளவு என்று தீர்மானிப்பவரும் ஒருவரே. 2025 ஒக்டோபரில் வால்வ் ஒரு விதியை மாற்றியது. கத்திக்கும் கையுறைக்கும் அடுத்த தரமான சிவப்புத் தர ஸ்கின் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்றது. அருமையாக இருந்தது அருமையற்றுப் போனது. கத்திகளின் விலை சரிந்தது, அதுவரை மலிவாகக் கிடந்த சிவப்பு ஸ்கின்களின் விலை பல மடங்கு ஏறியது. ஏறக்குறைய 600 கோடி டொலர் என்று கணக்கிடப்பட்ட சந்தையில் 200 கோடியளவு ஓரிரு நாளில் மறைந்துவிட்டதாகக் கணிப்புகள் சொல்லின. முதலீடு என்று சொல்லி வாங்கிவைத்த இளைஞர்கள் புலம்பினார்கள். முறைப்பாடு கொடுக்க எந்தப் பங்குச் சந்தை ஆணைக்குழுவும் இல்லை. உரிமையே இல்லாத பொருளில் நட்டஈடு எதற்குக் கேட்பது?

நாடுகள் என்ன செய்தன? பிரித்தானியாவின் சூதாட்ட ஆணையம் 2017-இலேயே ஒரு தெளிவான கோட்டைக் கீறியது: பொருளைக் காசாக மாற்ற முடிந்தால் அது பணப் பெறுமதியுள்ளது, அதை வைத்து ஆடினால் சூதாட்டம், அதற்கு உரிமம் வேண்டும். அதே ஆண்டு, ஃபிபா என்ற உதைபந்தாட்ட வீடியோ விளையாட்டின் நாணயங்களை வைத்துப் பந்தயம் நடத்திய இருவர் அங்கே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பெல்ஜியம் 2018 ஏப்ரலில் பெட்டிகளையே சட்டவிரோதம் என்றது. நெதர்லாந்து அந்த ஃபிபா விளையாட்டை வெளியிட்ட எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 மார்ச்சில் உயர் நிர்வாக நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பெட்டி தனியான ஆட்டமல்ல, திறமையால் ஆடும் பெரிய விளையாட்டின் ஒரு பகுதி என்பது நீதிமன்றத்தின் வாதம். எனக்கு இது ஒப்பவில்லை. பெட்டியைத் திறக்கும் அந்த நொடியில் திறமைக்கு என்ன வேலை?

பிரான்சில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. 2019-இல் அங்கே வால்வ் ஒரு 'எக்ஸ்-ரே' கருவியைக் கொண்டுவந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காசு கொடுக்குமுன்பே பார்த்துவிடலாம். அப்படியானால் சூதாட்டம் இல்லைதானே? ஆனால் அடுத்த பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பார்த்த குப்பையை வாங்கியே ஆக வேண்டும். சூதாட்டம் போகவில்லை, ஒரு பெட்டி தள்ளிப்போனது. எழுதிய சட்டத்தரணிக்குச் சம்பளம் கூட்டியிருப்பார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். கொழும்பில் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் இருப்பது கைபேசி. ஆடுவது ஃப்ரீ ஃபயர், பப்ஜி. ஃப்ரீ ஃபயரில் வைரங்களைக் காசுக்கு வாங்கிச் சக்கரம் சுற்றினால் உடையோ துப்பாக்கிப் பூச்சோ விழலாம். அங்கே பொருளைத் தனியாக விற்க முடியாது. அதனால் சந்தை இல்லை என்று நினைக்காதீர்கள். கணக்கையே விற்கிறார்கள், ஐடி விற்பனை என்று பெயர். நிறுவனங்களின் விதி அதைத் தடுக்கிறது. ஆகவே விற்றவன் கடவுச்சொல்லை மாற்றிக் கணக்கை மீட்டுக்கொண்டால் வாங்கிய பிள்ளை யாரிடமும் போக முடியாது. வீட்டில் கேட்டால் "கனடாவில் இருக்கும் மாமா கிஃப்ட் கார்ட் அனுப்பினார்" என்று பதில் வரும். மாமாவுக்கு அது பிறந்தநாள் பரிசு. அது எந்தச் சக்கரத்தில் சுற்றியது என்று அவருக்குத் தெரியாது.

நம் சட்டமோ 1889-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தோடு நீண்ட காலம் வாழ்ந்தது. அது சேவல் சண்டையையும், வீதியிலும் பொது இடத்திலும் சூதாட்ட வீட்டிலும் பணயம் வைத்து ஆடுவதையும் பார்த்து எழுதியது. இடம் எது என்பதுதான் அதன் முதல் கேள்வி. குதிரைப் பந்தய நிலையத்தில் பாடசாலைச் சீருடையோடு ஒரு பையன் போய் நின்றால் விரட்டிவிடுவார்கள், ஏனென்றால் அது ஓர் இடம். படுக்கையறையில் போர்வைக்குள் எரியும் திரை எந்த இடம்? 2010-இல் கசினோக்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. 2025-இல் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் தனி அதிகார சபையொன்றை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் பார்வைக்குள் வருகிறது. நல்லதுதான். ஆனால் அதிகார சபை என்றதும் எல்லோருடைய கண்ணும் பெரிய கசினோக்களின் வரியில்தான் இருக்கிறது.

விதிகளை எழுதுபவர்களிடம் ஒரு கணக்காளனாக நான் கேட்பது சிறியது. விளையாட்டு நிறுவனத்தின் உடன்படிக்கையில் மதிப்பில்லை என்று எழுதியிருப்பதை மதிப்பீடாக எடுக்க வேண்டாம். பொருள் இன்று எங்கே, எந்த விலைக்கு, எந்த நாணயத்தில் விற்கப்படுகிறது என்று பாருங்கள். விற்கிறது என்றால் 'பணப் பெறுமதி' என்ற வரைவிலக்கணத்துக்குள் அதைப் போடுங்கள். நம் வங்கி அட்டையில் இருந்து சூதாட்டத் தளத்துக்குப் போகும் கொடுப்பனவை வங்கி அடையாளம் காணலாம். ஸ்கின்னாக மாறிப் போனால் வங்கியின் ஏட்டில் அது விளையாட்டு வாங்கிய செலவாகத்தான் தெரியும். அந்த ஓட்டை அதிகார சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிகழ்தகவைத் தமிழிலும் சிங்களத்திலும் திரையில் போடச் சொல்வதும் அவர்களால் முடியாத காரியமல்ல; சீனா 2017-இல் அதைத்தான் கேட்டது, எண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எந்த நிறுவனமும் மறுநாளே கடையை மூடவில்லை.

செவிமடுத்த நேயர்களுக்கும் வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.