ஸ்பூன் வளைந்தது சரி, அதைக் கொண்டுவந்தது யார்?

நேயர்களே, வணக்கம். சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கைக்கடிகாரம், நின்றுபோனது, வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொள்ளுங்கள், நடுவில் ஒருமுறை லேசாகக் குலுக்குங்கள். ஓட ஆரம்பித்தால் அது என் சக்தி. ஓடாவிட்டால் உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை!

இஸ்ரேலில் பிறந்து, தனக்கு அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சொல்லி எழுபதுகளில் உலகத்தையே வாய்பிளக்க வைத்த யூரி கெல்லர் செய்துகாட்டிய வித்தைகளில் இதுவும் ஒன்று. நின்ற கடிகாரங்களில் நிறைய எதுவும் உடைந்து நிற்பதில்லை, உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டு நிற்கிறது, கைச்சூடும் அசைவும் கிடைத்தால் கொஞ்ச நேரத்துக்காவது ஓடும். டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் காமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பழுதுபார்க்க வந்த கடிகாரங்களை வைத்தே சோதித்தார்கள், பாதிக்கு மேல் ஓடின. இப்போது லட்சக்கணக்கான பேர் பார்க்கும் நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடியவர்கள் உடனே போன் செய்வார்கள், ஓடாதவர் யாராவது போன் செய்து "எனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்பாரா?

சரி, கெல்லரின் பெயர்போன வித்தை, ஸ்பூன். விரலால் தடவத் தடவ அது குழைந்து வளைவதைப் பார்த்தால் யாருக்கும் சிலிர்க்கும்தான். ஆனால் முன்கூட்டியே பல தடவை முன்னும் பின்னும் மடக்கிவைத்த உலோகம் களைத்துப்போயிருக்கும், பிறகு லேசாகத் தடவினாலே முறியும் என்பது மேடை வித்தைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. இன்னொரு வழி, எல்லோரும் வேறெங்கோ பார்க்கும் ஒரு நொடியில் வளைத்துவிட்டு, அந்த வளைவை விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்ல மெல்ல வெளியே காட்டுவது. நாம் பார்ப்பது வளைவதை அல்ல, வளைந்தது வெளியே வருவதை.

அதனால்தான் நான் எப்போதும் ஒரே கேள்வியில் நிற்கிறேன்: பொருள்களைக் கொண்டுவந்தது யார், நிகழ்ச்சிக்கு முன் அவற்றின் பக்கத்தில் போனது யார்? 1973-இல் அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு கெல்லர் வந்தார். கார்சன் இளமையில் மாயவித்தை செய்தவர். ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரரிடம் யோசனை கேட்டுக்கொண்டு, ஸ்பூன் முதல் எல்லாவற்றையும் நிகழ்ச்சிக்காரர்களே கொண்டுவந்தார்கள், கெல்லரையோ அவருடைய ஆட்களையோ கிட்டவே விடவில்லை. இருபது நிமிடம்போல நெளிந்தார் மனிதர். இன்றைக்குத் தெம்பாக இல்லை என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், அவரே அப்படித்தான் பயந்திருக்கிறார். ஆனால் அதன்பிறகு அவருக்கு மவுசு கூடியது! வித்தைக்காரன் என்றால் ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பானே, இவர் தோற்கிறார், அப்படியானால் இது வித்தை இல்லை, நிஜ சக்தி என்று ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். ஜெயித்தாலும் சக்தி, தோற்றாலும் சக்தி என்றால் அந்த மனிதரை எந்தச் சோதனைதான் பிடிக்கும்?

விஞ்ஞானிகளே ஏற்றுக்கொண்டார்களே என்பார்கள். கலிபோர்னியாவில் இரண்டு இயற்பியலாளர்கள் அவரைச் சோதித்து 1974-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை எழுதியது உண்மைதான். ஆனால் விஞ்ஞானியின் படிப்பு இதற்கு உதவாது, இயற்கை அவரை ஏமாற்றப் பார்ப்பதில்லை. ராண்டி இதை விளையாட்டுபோல நிரூபித்தார். செயின்ட் லூயிஸில் ஒரு பல்கலைக்கழகம் ஐந்து லட்சம் டாலர் நன்கொடையில் அமானுஷ்ய ஆய்வகம் தொடங்கியபோது, வித்தை தெரிந்த இரண்டு பையன்கள் 1979-இல் தங்களுக்குச் சக்தி இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார்கள், அனுப்பியவர் ராண்டி. ஸ்பூன்களை அளந்து, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு கட்டியிருந்தது. இடைஞ்சலாக இருக்கிறது என்று அவிழ்த்துவிட்டு, திரும்பக் கட்டும்போது மாற்றிக் கட்டினார்கள். மறுபடி அளந்தால் ஸ்பூன் வளைந்திருக்கிறது! எச்சரிக்கையாக இருங்கள் என்று ராண்டி ஆய்வகத்துக்கு முன்னாலேயே கடிதம் எழுதியிருந்தார். இதெல்லாம் வித்தையா என்று யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது பையன்களுக்கு அவர் போட்ட நிபந்தனை. கேட்கவே இல்லை. 1983-இல் அவர்களே வெளியே சொல்லும்வரை.

ஆக, கெல்லருடையது வித்தை என்பதுதான் என் எண்ணம், அதிலும் கெட்டிக்கார வித்தை. 2007-இல் ஒரு ஜெர்மன் மாயவித்தை இதழிடம், அமானுஷ்ய சக்தி உண்டு என்று இனிச் சொல்லமாட்டேன், நான் மக்களை மகிழ்விக்கும் கலைஞன் என்று அவரே சொன்னார். எனக்கு அவர்மேல் பெரிய கோபம் இல்லை, ஸ்பூன் போனால் போகட்டும்.

என் கோபம் பீட்டர் பாபாஃப் என்ற அமெரிக்க மதபோதகர் போன்றவர்கள்மேல்தான். கூட்டத்தில் முன்பின் தெரியாத நோயாளியின் பெயர், வியாதி, வீட்டு முகவரி எல்லாம் கடவுள் சொல்வதாகச் சொன்னவர். 1986-இல் ராண்டியின் ஆட்கள் ரேடியோ கருவியோடு போய் ஒட்டுக்கேட்டால், அவர் காதிலிருந்த சிறு கருவியில் வந்தது மனைவியின் குரல், நோயாளிகளிடம் முன்பே வாங்கிய விவரங்களை அந்த அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். மறு வருடம் பாபாஃப் திவாலானார். பல வருடம் கழித்துத் திரும்பவும் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார், பணமும் திரும்ப வந்தது.

நன்றி, வணக்கம்.